வலியில்லாத அவசரம்: விழித்திரை விலகலும் அதன் சிகிச்சையும்

என் மாமா கோத்தகிரியில் கொத்தனார். முப்பது வருடமாகச் சுவர் எழுப்புகிறவர். பள்ளி நாளிலிருந்தே தடித்த கண்ணாடி, மைனஸ் எட்டு. 54 வயதில் ஒரு நாள் சாரத்தின் மேல் நின்று பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இடது கண் முன்னால் கொசுக்கூட்டம் பறப்பது போலத் தெரிந்தது. கையை வீசி விரட்டினார். சிமெண்ட் தூசியாக இருக்கும் என்று முகத்தைக் கழுவினார். போகவில்லை. அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு அதே கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னல். ஜன்னலைத் திறந்து பார்த்தால் வானம் நிறைய நட்சத்திரம்.

வலி இல்லை. சிவப்பு இல்லை. நீர் வடியவும் இல்லை. மூன்றாம் நாள் கண்ணாடிக் கடையோடு சேர்ந்த ஒரு கிளினிக்கில் காட்டினார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண் வறட்சி என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஆறாம் நாள் மூக்குப் பக்கம் கீழே ஒரு நிழல் தட்டியது. எட்டாம் நாள் அந்த நிழல் நடுவுக்கு ஏறி, இடது கண்ணால் மட்டும் பார்த்தால் எதிரில் நிற்பவரின் முகமே தெரியவில்லை. ஒன்பதாம் நாள் கோயம்புத்தூருக்கு இறங்கி வந்தார்.

"நரம்பு விலகிடுச்சுன்னு சொல்றாங்க கண்ணு" என்று போனில் சொன்னபோது அவர் குரலில் பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். அடிபடாமல், வலிக்காமல், கண்ணுக்குள் ஒன்று எப்படி விலகும்?

நியாயமான கேள்விதான். அந்த ஒன்பது நாளில் அவர் கண்ணுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், இந்த நோயில் நாள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் புரிந்துவிடும்.

பசை இல்லாத ஒட்டு

நம் ஊரில் பொதுவாக "கண் நரம்பு" என்று சொல்வது விழித்திரையை, அதாவது ரெட்டினாவை. அந்தச் சொல்லில் உண்மையும் இருக்கிறது. விழித்திரை மூளையிலிருந்து முளைத்த நரம்புத் திசுதான். கண்ணின் பின்சுவரை உள்பக்கமாக மூடியிருக்கும் மெல்லிய தாள் அது. தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வெளிச்சத்தை நரம்புச் செய்தியாக மாற்றுவது இந்தத் தாள்.

கருவில் கண் உருவாகும்போது மூளையிலிருந்து ஒரு குமிழ் புறப்படுகிறது. காற்று இறங்கிய பந்தை விரலால் அழுத்தினால் ஒரு பக்கம் உள்ளே மடங்கி மறுபக்கத்தோடு சேருமே, அதே போல அந்தக் குமிழும் உள்ளே மடங்கி இரண்டு அடுக்காகிறது. உள்ளடுக்கு விழித்திரை ஆகிறது. வெளியடுக்கு நிறமிப் படலம் ஆகிறது. இரண்டும் ஒன்றோடொன்று படிந்து கிடக்கின்றன, ஆனால் ஒருபோதும் ஒட்டிப் பிணைவதில்லை. நடுவில் கசியும் நீரை நிறமிப் படலத்தின் செல்கள் இரவும் பகலும் உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் விழித்திரை தன் இடத்தில் நிற்கிறது. ஆக, நம் எல்லோர் கண்ணிலும் பிறக்கும்போதே ஒரு பிரியக்கூடிய இடுக்கு இருக்கிறது.

அந்த இடுக்கில் நீர் புகுந்து விழித்திரை எழும்பிவிடுவதுதான் விழித்திரை விலகல். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார்: "ஓதம் ஏறுன சுவத்துல பூச்சு பொருமுற மாதிரி." அதேதான். பொருமிய பூச்சை விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடமாகச் சத்தம் கேட்கும். சுவரோடு அதற்கு உறவு அறுந்துபோயிருக்கும். விழித்திரையின் ஒளியுணர் செல்கள் பிராணவாயுவையும் உணவையும் தங்களுக்குப் பின்னால் இருக்கும் கோராய்டு என்ற ரத்தநாளப் படலத்திலிருந்து பெறுகின்றன. பொருமிப் பிரிந்துவிட்டால் அந்த வரத்து நின்றுவிடும். செல்கள் உடனே சாவதில்லை, பட்டினி கிடந்து மெல்ல மெல்லச் சாகின்றன. நமக்குக் கிடைக்கும் அவகாசம் அந்தப் பட்டினிக் காலம் மட்டும்தான்.

நுங்கும் நீரும்

நீர் எங்கிருந்து வருகிறது? கண்ணின் உட்குழியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற கூழிலிருந்து. சுமார் 4 மில்லி இருக்கும். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கொலாஜன் இழைகள் அதைக் கூழாகக் கட்டி வைத்திருக்கின்றன. இளநுங்கைச் சீவியதும் உள்ளே தெரியும் வழுவழுப்பை நினைத்துக்கொள்ளலாம். நுங்கு முற்ற முற்றக் கெட்டியாகும். விட்ரியஸ் நேர் எதிர்: வயதாக ஆக இளகி, அங்கங்கே நீராகி, கடைசியில் சுருங்கி விழித்திரையை விட்டு முன்னால் நகர்ந்துவிடும். அறுபது, எழுபது வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்கு இது நடந்துவிடுகிறது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு இன்னும் முன்னாலேயே.

இதுவே நோய் அல்ல. கூழ் நகரும்போது அதன் துணுக்குகள் விழித்திரைமேல் நிழல் போடும். அதுதான் பூச்சி பறப்பது, நூல் தொங்குவது, சிலந்தி வலை மாதிரித் தெரிவது. நகரும் கூழ் விழித்திரையைப் பிடித்து இழுத்தால் மின்னல் தெரியும். விழித்திரைக்கு வலி என்ற மொழி கிடையாது. அதைக் கிள்ளினாலும் இழுத்தாலும் அது மூளைக்குச் சொல்லத் தெரிந்த ஒரே செய்தி "வெளிச்சம்". இருட்டில் மாமா பார்த்த மின்னல், விழித்திரை இழுபட்டதன் அலறல்தான் என்று இப்போது நினைத்தால் மனசு பதறுகிறது.

பெரும்பாலோர்க்குக் கூழ் சிக்கலில்லாமல் கழன்றுவிடும். சில இடங்களில் அது அழுத்தமாக ஒட்டியிருந்தால், நுங்கின் தோலை அவசரத்தில் உரிக்கும்போது சதையும் பிய்ந்து வருவது போல விழித்திரையில் ஒரு துண்டு கிழிந்து எழும்பும். திடீரென்று பூச்சியும் மின்னலும் தெரிந்து மருத்துவரிடம் வருகிறவர்களில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்கு இப்படி ஒரு கிழிசல் இருக்கிறது. இளகிய விட்ரியஸ் நீர் அந்தக் கிழிசல் வழியாகப் பின்னால் இறங்கி விழித்திரையைப் பொருமச் செய்கிறது. கிழிசல் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலும் போதும். கண்ணை உருட்டும் ஒவ்வொரு தடவையும் நீர் உள்ளே தள்ளப்படும்.

கிட்டப்பார்வைக்காரர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதற்குக் காரணம் கண்ணின் நீளம். சாதாரணக் கண் முன்னிருந்து பின்னாக சுமார் 24 மில்லிமீட்டர். மைனஸ் எட்டுக் கண் அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டிருக்கும். அதே அளவுத் துணியைப் பெரிய சட்டத்தில் இழுத்து அடித்தது போல விழித்திரை ஓரங்களில் மெலிந்துபோகிறது. கண்ணாடியைக் கழற்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த லேசர் கருவிழியின் வளைவை மட்டும்தான் மாற்றுகிறது. கண்ணாடி போய்விட்டாலும் கண்ணின் நீளம் போகாது, ஆபத்தும் போகாது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், கண்ணில் பந்தோ கிட்டிப்புள்ளோ பட்டாசோ பட்டவர்கள், குடும்பத்தில் யாருக்காவது விழித்திரை விலகியிருப்பவர்கள், ஏற்கெனவே ஒரு கண்ணில் விலகியவர்கள் ஆகியோரும் கவனமாக இருக்க வேண்டியவர்களே. அடிபட்ட கண்ணில் கிழிசல் அன்றைக்கே விழுந்து, விலகல் மாதங்கள் கழித்து வருவதும் உண்டு.

கிழிசல் இல்லாமலும் விழித்திரை விலகலாம். சர்க்கரை நோய் முற்றியவர்களுக்குக் கண்ணுக்குள் தழும்புத் திசு வளர்ந்து விழித்திரையைக் கூடாரம் போல இழுத்துத் தூக்கிவிடும். அழற்சி, கட்டி போன்றவற்றால் பின்னாலிருந்து நீர் கசிந்தும் எழும்பலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்பது நம் நாட்டு நெறிமுறை. அவை தனித்தனிக் கதைகள். இங்கே பேசுவது கிழிசலால் வருவதை மட்டும்.

நிழல் எந்தப் பக்கம்?

மாமாவுக்கு நிழல் கீழே, மூக்குப் பக்கம் தெரிந்தது. கிழிசல் இருந்ததோ மேலே, காதுப் பக்கம். விழித்திரையில் காட்சி தலைகீழாக விழுகிறது என்று பள்ளியில் படித்தது இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. மேல் விழித்திரை பிரிந்தால் கீழே பார்வை மறையும். மேல் கிழிசல்கள் மோசமானவை. நீர் தன் எடையாலேயே கீழே இறங்கி, ஓரிரு நாளில் மையத்தைத் தொட்டுவிடும்.

அந்த மையத்துக்கு மேக்குலா என்று பெயர். சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்ன இடம். படிப்பது, ஊசி கோப்பது, முகம் பார்த்து அடையாளம் காண்பது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. மேக்குலா பிரிவதற்கு முன் வந்தவர், மேக்குலா பிரிந்த பின் வந்தவர் என்று மருத்துவர்கள் நோயாளிகளை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். முதல் வகையினருக்கு அன்றோ மறுநாளோ அறுவை செய்து மேக்குலாவைக் காப்பாற்றிவிட்டால், பார்வை பெரும்பாலும் பழையபடியே நிற்கும். இரண்டாம் வகையினருக்கு விழித்திரையைத் திரும்பப் படியவைக்கலாம், ஆனால் பட்டினியில் செத்த செல்கள் மீளாது. மையம் பிரிந்து மூன்று நாளுக்குள் செய்தால் கிடைக்கும் பார்வை, ஒரு வாரம் தாண்டிச் செய்தால் கிடைப்பதில்லை.

மாமா மூன்றாம் நாள் கிளினிக்குக்குப் போனாரே, அன்று மேக்குலா பிரிந்திருக்கவில்லை. நிழலே வந்திருக்கவில்லை. ஒருவேளை அன்று வெறும் கிழிசல் மட்டும் இருந்திருக்கலாம். பத்து நிமிட லேசரோடு முடிந்திருக்கும். என்னை இன்றும் உறுத்துவது இதுதான். டார்ச் வெளிச்சத்தில் விழித்திரையின் ஓரம் தெரியவே தெரியாது. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரியவைத்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து, தலையில் மாட்டிய விளக்கும் கையில் பிடித்த லென்சும் கொண்டு, தேவைப்பட்டால் இமைக்கு மேல் சின்னக் கம்பியால் மெல்ல அழுத்தி, "மேல பாருங்க, காதுப் பக்கம் பாருங்க, மூக்கைப் பாருங்க" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். கூச்சமாக இருக்கும், அன்று முழுக்க வெளிச்சம் கூசும், வண்டி ஓட்டக்கூடாது. ஆனாலும் புதிதாகப் பூச்சியும் மின்னலும் வந்த கண்ணை இப்படிப் பார்க்காமல் "ஒன்றுமில்லை" என்று யார் சொன்னாலும் அது பாதிப் பதில். "பாப்பாவைப் பெரிசாக்கிப் பார்க்கணுங்க" என்று நாமே கேட்கலாம். தவறில்லை.

இன்னொன்று. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது ஒரு கண்ணைப் பொத்தி மற்றதால் தேதியையும் சுவரின் நான்கு மூலையையும் பார்த்துவிட்டு, அடுத்த கண்ணுக்கும் அதையே செய்தால் நிழல் உடனே பிடிபடும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இது பல் துலக்குவது போலப் பழக்கமாக வேண்டும். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர் எதுவும் இங்கே வேலை செய்யாது. அவை கண்ணின் வெளித்தோலைத் தாண்டுவதே இல்லை.

ஆயிரத்தில் ஒருவர்

நூறு வருடத்துக்கு முன் இந்த நோய் வந்தால் கண் போனதுதான். 1851-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை உருவாக்கிய பிறகு, விலகிய விழித்திரையை மருத்துவர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருக்க இருபுறமும் மணல் மூட்டை வைத்து, வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். 1912-இல் அமெரிக்காவில் மருத்துவர்களிடம் கேட்டுத் தொகுத்தபோது, குணமானவர் ஆயிரத்தில் ஒருவர் என்றுதான் தெரிந்தது.

அதை மாற்றியவர் ஸ்விட்சர்லாந்தின் லொசான் நகரத்து மருத்துவர் ஜூல் கோனன். விலகலுக்குக் காரணம் கிழிசல்தான், கிழிசலை அடைக்காமல் எதைச் செய்தாலும் பயனில்லை என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். கிழிசல் இருக்கும் இடத்தை உள்ளே பார்த்துக் கணக்கிட்டு, கண்ணின் வெளிச்சுவரில் அதே இடத்தைக் குறித்து, பழுக்கக் காய்ச்சிய முனையால் சுட்டார். சூடு பட்ட இடம் தழும்பாகி விழித்திரையைப் பிடித்துக்கொண்டது. பல வருடம் பலர் நம்பவில்லை. 1929-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கண் மருத்துவ மாநாட்டுக்குப் பிறகு உலகம் ஒப்புக்கொண்டது. கிழிசலைக் கண்டுபிடி, அடை: இன்றைக்கு நடக்கும் எல்லாச் சிகிச்சையும் கோனன் சொன்ன அந்த இரண்டு வேலையின் விரிவாக்கம்தான்.

தலையில் மாட்டிப் பார்க்கும் விளக்கு என்று சொன்னேனே, அது பெல்ஜியத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்கெப்பன்ஸின் கொடை. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடமிருந்து தப்பி, பொய்ப் பெயரில் பிரான்ஸ் எல்லையில் மரம் அறுக்கும் ஆலை நடத்திக்கொண்டே நூற்றுக்கு மேற்பட்டவர்களை பிரனீஸ் மலை தாண்டி ஸ்பெயினுக்கு அனுப்பிவைத்தவர் அவர். பின்னாளில் பாஸ்டனில் அவரிடம் பயின்ற சென்னைக்காரர்தான் 1978-இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத். தமிழ்நாட்டில் விழித்திரைச் சிகிச்சை வேர் விட்ட பாதைகளில் அது ஒன்று.

அடைக்கும் வழிகள்

கிழிசல் மட்டும் இருந்து நீர் புகவில்லை என்றால் லேசர் போதும். புறநோயாளியாகவே வந்து போகலாம். கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையாகச் சின்னச் சின்னச் சூட்டுப் புள்ளிகள் வைக்கிறார்கள். ஒளியால் விழித்திரையைச் சுடலாம் என்ற யோசனை, 1945-இல் சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து விழித்திரை பொசுங்கியவர்களைப் பார்த்த ஜெர்மன் மருத்துவர் மேயர்-ஷ்விக்கராத்துக்கு வந்தது. முதலில் அவர் சூரிய வெளிச்சத்தையே கண்ணாடிகளால் திருப்பிப் பயன்படுத்தினார். லேசர் போட்டவுடனே ஒட்டிவிடாது; தழும்பு இறுக சுமார் இரண்டு வாரம் ஆகும். லேசர் எட்டாத ஓரங்களில் உறையவைக்கும் குளிர்முனையால் அதே வேலையைச் செய்வார்கள்.

நீர் புகுந்து விலகிவிட்டால் மூன்று வழிகள். இளம் வயதினருக்கு, கூழ் இன்னும் கெட்டியாக இருப்பவர்களுக்கு, கண்ணின் வெளிச்சுவரில் சிலிக்கான் பட்டை வைத்துத் தைப்பார்கள். பட்டை சுவரை உள்ளே நெருக்க, சுவர் போய் விழித்திரையைத் தொட்டுக் கிழிசலை அடைத்துக்கொள்ளும். பட்டை ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கலாம். கிட்டப்பார்வை சற்றுக் கூடும். மேல் பக்கம் சின்னக் கிழிசல் ஒன்றே ஒன்று என்றால், ஊசியால் வாயுக் குமிழியை மட்டும் ஏற்றி, தலையைச் சரியான கோணத்தில் வைத்திருக்கச் சொல்வதும் உண்டு. மூன்றாவது விட்ரெக்டமி, அதாவது விட்ரியஸ் கூழையே வெட்டி எடுப்பது. இன்று பெரும்பாலோர்க்கு நடப்பது இதுதான்.

சின்னத் துளை வழியாகச் செய்யும் இன்றைய முறை விட்ரெக்டமியை 1970-இல் மயாமியில் முதலில் செய்தவர் ராபர்ட் மாக்கெமர். கூழை வெட்டிக்கொண்டே உறிஞ்சும் தன் கருவியை முட்டையின் வெள்ளைக்கருவில் சோதித்துப் பார்த்தவர் அவர். இப்போது கண்ணின் வெள்ளைப் பகுதியில் அரை மில்லிமீட்டர் அளவில் மூன்று துளைகள்: ஒன்றில் நீர் உள்ளே போகும், ஒன்றில் விளக்கு, ஒன்றில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டும் கத்தி. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். மாமா விழித்தபடியேதான் படுத்திருந்தார். இழுத்துக்கொண்டிருந்த கூழை எடுத்து, கிழிசல் வழியாகவே பின்னால் தேங்கிய நீரை உறிஞ்சி, விழித்திரை படிந்ததும் சுற்றி லேசர் அடித்து, கடைசியில் குழியை வாயுவாலோ சிலிக்கான் எண்ணெயாலோ நிரப்புகிறார்கள். "கேஸ் போட்டிருக்காங்க", "ஆயில் போட்டிருக்காங்க" என்று நோயாளிகள் பேசிக்கொள்வது இதைத்தான். தழும்பு இறுகும்வரை பூச்சு விழாமல் கொத்தனார் பலகையால் அழுத்திப் பிடித்திருப்பது போல.

வாயு தானே கரைந்துவிடும். வெறும் காற்று ஒரு வாரத்தில், எஸ்எஃப்6 என்ற வாயு சுமார் இரண்டு வாரத்தில், சி3எஃப்8 என்ற வாயு ஆறிலிருந்து எட்டு வாரத்தில். எண்ணெய் கரையாது, சில மாதம் கழித்து இன்னொரு அறுவையில் எடுக்க வேண்டும். சிக்கலான விலகலுக்கும், மறுபடி மறுபடி விலகுகிறவர்களுக்கும், சொன்னபடி படுக்க முடியாதவர்களுக்கும் எண்ணெய் பொருந்தும். "ஆயில் எடுக்க வாங்க" என்று சொன்ன தேதியைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. பார்வை தெரிகிறதே என்று விட்டால் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

செலவு சின்னது அல்ல. சேர்வதற்கு முன்பே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பொருந்துமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவிலும் விசாரியுங்கள். ஆனால் விசாரிப்பதிலேயே மூன்று நாள் போய்விடக்கூடாது.

மலை ஏறக்கூடாது

மாமாவுக்கு நீண்ட நாள் நிற்கும் வாயு. முதல் நாள் குப்புறப் படுக்கை, பிறகு வலப்பக்கம் ஒருக்களித்து. குமிழி எப்போதும் மேலே மிதக்கும். கிழிசல் எங்கே இருக்கிறதோ அந்த இடம் மேலே வரும்படி தலையை வைத்தால்தான் குமிழி போய் அதை அழுத்தும். அதனால் எல்லோருக்கும் குப்புறப் படுக்கை கிடையாது. ஒருவருக்கு இடப்பக்கம், ஒருவருக்கு நிமிர்ந்து உட்காருவது. மல்லாந்து படுப்பது மட்டும் யாருக்கும் ஆகாது: குமிழி முன்னால் வந்து லென்சைத் தொடும், கிழிசலை விட்டு விலகிவிடும்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று மருத்துவர் கேட்டார், "எந்த ஊர்ங்க?" கோத்தகிரி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கேஸ் கரையற வரைக்கும் மேட்டுப்பாளையம் தாண்டக்கூடாது."

கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,800, ஊட்டி 2,240. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைய, கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியும். கோத்தகிரிக்குப் போனால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஊட்டிக்குப் போனால் கால் பங்கு பெரிதாகும். மூடிய உருண்டைக்குள் வாயு விரிந்தால் அழுத்தம் ஏறி, விழித்திரைக்குப் போகும் ரத்தக்குழாயே நசுங்கிப் பார்வை ஒரேயடியாகப் போய்விடலாம். விமானத்தில் ஏறக்கூடாது என்பதும் இதனால்தான். பறக்கும் விமானத்துக்குள் வைத்திருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஊட்டியில் நிற்பதும் விமானத்தில் உட்கார்ந்திருப்பதும் இந்தக் கண்ணுக்கு ஒன்றுதான். சமவெளியில் அறுவை முடித்துவிட்டு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் பஸ் ஏறும் நம் மக்களிடம் விமானத்தைச் சொல்லும் அளவுக்கு மலையை அழுத்திச் சொல்ல வேண்டும். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தாலும், கண்ணில் வாயு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவைக் கொடுத்தால் அது குமிழிக்குள் புகுந்து அதை ஊதிவிடும்.

ஆக, மாமா ஏழு வாரம் எங்கள் வீட்டில். முதல் பத்து நாள் வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, "மேல ஒரு கோடு தெரியுது கண்ணு" என்றார். குமிழியின் விளிம்பு. கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். தலையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் கோடு மட்டம் மாறாமல் கிடைமட்டமாகவே நின்றது. "ரசமட்டம் உள்ளயே வெச்சுட்டாங்க" என்றார். நாளுக்கு நாள் கோடு கீழே இறங்கியது. தண்ணீர்த் தொட்டி வற்றுவது போல என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். ஆறாம் வாரம் கடலை அளவு உருண்டையாகி, குனிந்தால் நடுவில் வந்து ஆடியது. ஒரு நாள் காலையில் அதுவும் இல்லை.

முதல் அறுவையிலேயே பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு விழித்திரை படிந்து நின்றுவிடுகிறது. மீதிப் பேருக்குப் பெரும்பாலும் தழும்புத் திசு வளர்ந்து மறுபடி இழுத்துவிடும். இரண்டாம், மூன்றாம் அறுவை தேவைப்படும். அதனால்தான் "படிஞ்சிருக்கு" என்று மருத்துவர் சொன்ன பிறகும் முதல் மூன்று மாதம் அவர் சொல்லும் நாளிலெல்லாம் போக வேண்டும். ஐம்பது தாண்டியவர்களுக்கு விட்ரெக்டமிக்குப் பின் இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலும் புரை வந்துவிடும். மாமாவுக்கு வந்தது, எடுத்தாயிற்று. வலது கண்ணிலும் மெலிந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்ததைப் பரிசோதனையில் கண்டுபிடித்து லேசர் போட்டுவிட்டார்கள்.

இடது கண்ணில் இப்போது முகம் தெரிகிறது, பஸ் போர்டு தெரிகிறது. ஆனால் மேக்குலா பிரிந்து மறுபடி படிந்தபோது செல்கள் பழைய இடத்துக்கு மயிரிழை பிசகாமல் திரும்பவில்லை. மையம் பிரிந்தவர்கள் பலருக்கும் நேர்வது இது: நேர்கோடு நெளியும். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் கட்டிக்கொண்டிருந்த சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வலது கண்ணால் பார்த்தால் நூல் நேர். இடது கண்ணால் பார்த்தால் நடுவில் லேசாக வயிறு தள்ளியிருக்கிறது என்று விரலால் காற்றில் வரைந்தார். இரண்டு கண்ணையும் திறந்தால்? "ரெண்டு நூல் மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு. எது நெசம்னு தெரியும், இருந்தாலும் கை தயங்குது." சாரத்தில் ஏறுவதை விட்டுவிட்டார். கீழே நின்று, இடது கண்ணை மூடிக்கொண்டு, மேலே இருக்கிற பையனுக்கு மட்டம் சொல்கிறார்.